பொட்டு வைத்த பொய்க்கதவு

அத்தியாயம் ஏழு

சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்த என் உதவியாள் துலுக்கானத்துக்குக் கால் தரையில் எட்டவில்லை.

"இன்னா தலீவரே, இது மேஸ்திரி சைக்கிளா, ஒட்டகத்தோட சைக்கிளா?" என்றான்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். மார்கழி வெயில் அப்போதுதான் தலை காட்டியிருந்தது. ஸ்டாண்டுக்காரர் எங்களை இரண்டு சைக்கிள் திருடர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துலுக்கானத்தின் சட்டையைப் பார்த்தால் போலீஸ்காரரே முதலில் பையைத்தான் தடவிப் பார்ப்பார்.

"மேஸ்திரி எவ்வளவு உயரம்னு அவர் சம்சாரம் நாகவல்லி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என் தோள் ஒசரம். எனக்கே காலு எட்டல. அவுரு இதுல ஒக்காந்தா பெடலுக்கு லெட்டர்தான் போடணும்."

சீட்டைத் தாங்கும் கம்பியைப் பார்த்தேன். பழைய துருக்கோட்டுக்குக் கீழே ஒரு சாண் கம்பி பளபளவென்று வெளியே நின்றது. சமீபத்தில் யாரோ சீட்டை ஏற்றியிருக்கிறார்கள். குள்ளமான மேஸ்திரி தன் சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பஸ் ஏறியிருந்தால் எதற்காகச் சீட்டை உயர்த்தப் போகிறார்? உயரமான ஒருவர் இதை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். திரும்பச் சீட்டை இறக்கி வைக்க மறந்துவிட்டார்.

மேஸ்திரியின் பெயர் உலகநாதன். பாரிவாக்கத்தில் சம்பத் என்பவர் கட்டும் கட்டடத்துக்கு அவர்தான் தலைமைக் கொத்தனார். ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில், மாடியில் புதிதாகப் போட்ட ஒரு பால்கனி அப்பாவு என்ற கொத்தனாரோடு சேர்ந்து கீழே விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து உலகநாதனைக் காணவில்லை. பயந்துபோய் ஓடிவிட்டார் என்றார் சம்பத். சைக்கிள் பஸ் ஸ்டாண்டில் கிடைத்ததும் போலீசும் அதையே எழுதிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டது.

உலகநாதனின் மனைவி நாகவல்லி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு திருகாணி கம்பெனியில் வேலை செய்பவள். பாடியில் டயர் கடைக்கு மேலே இருக்கும் என் துப்பறியும் ஆபீசுக்கு, வேலை விட்டு வந்த அழுக்குப் புடவையோடு வந்தாள். லாரி ஹாரன்களுக்கு நடுவே சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"செத்துட்டாருன்னு சொன்னா அழுதுடுவேன் சார். ஓடிட்டாருன்னு சொன்னா காறித் துப்பிட்டு என் வேலயப் பாப்பேன். ரெண்டும் தெரியாம மரக்கட்ட மாரி கீறேன். இன்னான்னு மட்டும் கண்டுபுட்ச்சி சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல."

எனக்கு அந்த மரக்கட்டையை நன்றாகத் தெரியும். போன வருடம் என் மனைவி இறந்தாள். சுடுகாட்டிலும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று துலுக்கானத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவன் நாள் முழுக்க ஜோக் அடிப்பதே என்னைச் சிரிக்க வைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வரவில்லை, அவனும் விடுவதாக இல்லை.

பூந்தமல்லியிலிருந்து நேரே அப்பாவுவைப் பார்க்கப் போனோம்.

அம்பத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. அப்பாவு வாசலில் கக்கத்தில் கட்டை ஊன்றி நின்றுகொண்டு ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். உலகநாதன் பெயரைச் சொன்னதும் ரேடியோவை விட்டுவிட்டு எங்களைத் தட்டுவது போலப் பார்த்தார்.

"அந்த ரசமட்டம் ஒரு எட்டு வந்து என்னப் பாக்கல சார். செத்தனா பொழச்சனான்னு கேக்கல. கூடவே வேல செஞ்சவன் நானு."

ரசமட்டம் என்பது சுவர் மட்டம் பார்க்கிற கருவி. ஒரு செங்கல் வைத்தாலும் அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் உலகநாதன் அடுத்த செங்கல்லைத் தொட மாட்டாராம். அதனால் அப்பாவு மட்டும் அவரை அப்படிக் கூப்பிடுவாராம், அதுவும் மேலே சாரத்தில் தனியாக இருக்கும்போது மட்டும்.

பால்கனி ஏன் விழுந்தது என்று கேட்டேன். கான்கிரீட் காயும் முன்பே அடியில் கொடுத்திருந்த முட்டுக்கட்டைகளை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றார். யார் எடுத்தது என்று அவர் பார்க்கவில்லை, மேலே நின்றிருந்தார். மேஸ்திரிதான் எடுக்கச் சொன்னார் என்று ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னது சம்பத்.

"அந்த மாதிரி ஆளா அவர்?" என்றேன்.

அப்பாவு கட்டையைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டார். பிறகு, அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் தன் மனசு இத்தனை நாளாக எரிகிறது என்றார். அந்தக் கட்டடமே சரியில்லை, கதவை வைத்துவிட்டு உடனே அதைச் செங்கல் வைத்து மூடச் சொல்வார்கள் என்றும் சொன்னார்.

துலுக்கானம் காதைத் தீட்டினான். "கதவு வெச்சி மூட்றதா? எதுக்கு அண்ணாத்தே?"

பிரான்சு தேசத்தில் ஒரு காலத்தில் வீட்டில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் பார்த்து வரி போட்டார்களாம். ஜனங்கள் பாதிக் கதவு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பிற்பாடு வரி போய்விட்டது, அடைத்த செங்கல் போகவில்லை. சம்பத் அங்கே வேலை பார்த்த கோட்டையில் அப்படி அடைத்த வாசல்கள் இருந்தனவாம், அந்தக் கோட்டையைப் போலத்தான் இங்கே கட்டுகிறாராம். அதனால் இங்கேயும் அதே மாதிரி அடைத்த வாசல் வேண்டும் என்றார்.

"பைத்தியக்காரன் கூட தொறந்த கதவத்தான் மூடுவான். இவுரு மூட்றதுக்குன்னே கதவு வெச்சாரு" என்றார் அப்பாவு.

நிஜக் கதவுக்கெல்லாம் உலகநாதன் முறைப்படி நல்ல நேரம் பார்த்து, நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டிவிட்டுத்தான் நிறுத்துவாராம். படம் பிடிக்க வேண்டும், மூடிய வாசலுக்கும் பொட்டு வை என்று சம்பத் ஒருநாள் கேட்டாராம். முடியவே முடியாது என்றுவிட்டார் மேஸ்திரி. அது சுவர், சுவருக்கு யாராவது பொட்டு வைப்பார்களா, வைத்தால் கட்டினவன் குடும்பம் விளங்குமா என்று சண்டை. சம்பத் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

விடைபெறும்போது அப்பாவு கட்டையை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை வந்தார். ரசமட்டத்தைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு நீளமான செய்தி சொன்னார். அதில் அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் நாகவல்லி கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். வர வேண்டாம் என்றேன். அவள் எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பாரிவாக்கம் ஏரிக்கரையைத் தாண்டியதும் அது தெரிந்தது. சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஒரு வெள்ளைக்காரக் கோட்டை. உருண்டையான கோபுரம், அதன் தலையில் கூம்பு மாதிரி கூரை. பிரான்சில் மெல்லிய கறுப்புக் கற்பலகை வேய்வார்களாம், இங்கே மங்களூர் ஓட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட். கோட்டையைச் சுற்றி அகழி, அகழியில் இரண்டு எருமை. பழைய ரயில் கட்டைகளை அடுக்கிப் பாலம், அதைத் தூக்க இரண்டு பக்கமும் சங்கிலி. கோபுர உச்சியில் கண் திருஷ்டிக்கு ஒரு வைக்கோல் பொம்மை நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கியது.

"பிரான்சு ராசாவுக்கு மீசை வெச்சி மேல மாட்டிக்கீறாங்க தலீவரே" என்றான் துலுக்கானம்.

சம்பத் பாலத்துக்கு வந்து எங்களை வரவேற்றார். நல்ல நெடுநெடுவென்ற உயரம். தன் கோட்டையின் சின்ன வாசலுக்குள் நுழைய அவரே குனிய வேண்டியிருந்தது. துலுக்கானம் அவர் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாரிவாக்கத்தில் பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம் அவருடையது. வாலிபத்தில் ஒரு புதுச்சேரி நண்பரோடு பிரான்சு போய், ஒரு கிராமத்துக் கோட்டையில் காவல்காரராகவும் தோட்டக்காரராகவும் ரொம்ப வருடம் இருந்தவர். அந்த வீட்டுக்காரர்கள் பாரிஸில் இருந்தார்கள். வருடத்தில் பாதி நாள் அந்தப் பெரிய கட்டடத்தில் சம்பத் ஒற்றை ஆள். ஒவ்வொரு கல்லையும் கையால் தடவிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பி, அதையே தன் நிலத்தில் எழுப்புகிறார். சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம், கல்யாணத்துக்கு விடலாம் என்று பேச்சு. எனக்கென்னவோ அவர் அதை யாருக்கும் விடமாட்டார் என்று பட்டது.

உலகநாதன் விஷயத்தைத் தொட்டதும், பாவம், நல்ல வேலைக்காரன், ஓடியிருக்க வேண்டாம் என்று முடித்துவிட்டார். நாகவல்லியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவ்வளவுதான், அவர் வாய் திறந்துகொண்டது.

முதலில் வெறும் கோபுரம்தான் இருந்ததாம். ஒரு ஆற்றுத்துறைக்குக் காவலாக ஒரு சின்ன ஜமீன்தார் கட்டியது. சுவர் இரண்டு முழம் தடிமன். அம்பு விடும் துவாரங்கள் வெளியே விரல் அகலம், உள்ளே ஆள் நிற்கிற அகலம். பிறகு பீரங்கி வந்தது. எவ்வளவு தடித்த சுவரும் பீரங்கிக்குத் தாங்காது என்று தெரிந்ததும், பேரன் காலத்தில் அந்தத் துவாரங்களை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்து, கோட்டையை வீடாக்கிக்கொண்டார்கள். அதற்குப் பின் வந்தவன் புது மனைவிக்காக ஒரு பக்கம் நீட்டிக் கட்டினான். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது ஊர் ஜனங்கள் அரிவாளோடு வந்து, பட்டாக்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டு, கட்டடத்தைத் தொடாமல் போனார்கள்.

"ஏன் சார் தொடல?" என்றான் துலுக்கானம்.

"அவங்க தாத்தாமார் கட்டினதுதானே" என்றார் சம்பத். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இளகியது.

சுழல் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனார். மேலே ஏறும்போது படி வலப்பக்கமாகவே வளைந்து போகிறது பாருங்கள் என்றார். கீழிருந்து கத்தியோடு ஏறி வருகிறவனுக்கு வலது கையை நடுத்தூண் இடிக்கும், மேலே நின்று தடுக்கிறவனுக்குக் கையை வீச இடம் இருக்கும், அதற்காகத்தான் இப்படி என்று அங்கே சொல்வார்களாம்.

"வர்றவன் எடது கைக்காரனா இருந்தா?" என்றான் துலுக்கானம்.

சம்பத் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே நான்கு படி ஏறினார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

நான் சுவரில் கை வைத்தேன். ஈரம். மேல் படிகளில் பூச்சு இன்னும் பச்சையாக இருந்தது. விபத்துக்குப் பிறகு ஆட்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்று கொஞ்ச நேரம் முன்புதான் அவரே சொல்லியிருந்தார். பூசினது யார் என்று கேட்டேன். செங்குன்றம் பக்கத்திலிருந்து புது ஆட்கள் வந்து போகிறார்கள் என்றார்.

அவர் முன்னால் போனதும் துலுக்கானம் என் காதருகே வந்தான்.

"தலீவரே, நானும் மூணு வருசம் சித்தாள் வேல பாத்தவன். கொத்தனாருங்க வந்துட்டுப் போன எடத்துல ஒரு பீடித் துண்டு இல்ல, ஒரு வெத்தலத் துப்பல் இல்ல. செங்குன்றத்துலேர்ந்து சாமியாருங்களா வந்தாங்க?"

நான் அந்த ஈரச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத கட்டடத்தில் ஒருவர் எதற்காகத் தனியாகப் பூச்சு வேலை செய்கிறார்? மறைக்க வேண்டியது ஏதோ இருப்பதால். எனக்குப் பின்னால் நாகவல்லி நின்றிருந்தாள். அவளும் உள்ளங்கையை அந்தப் பூச்சின் மேல் வைத்திருந்தாள். நான் நினைத்ததைத்தான் அவளும் நினைக்கிறாள் என்று புரிந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கையை எடுத்து, ஒட்டிய சிமென்ட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கோபுரத்தின் அடித்தளத்தில் ஒரு வட்டக்கூடம். சுற்றிலும் நான்கு வாசல்கள், கல் நிலையோடு, நான்கும் செங்கல் வைத்து அடைத்தவை. சம்பத்துக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. இது லாயத்துக்குப் போன வாசல், ஒருமுறை ஒரு குதிரை இதில் மாட்டிக்கொண்டு ஊரே வந்து இழுத்தது என்றார். இது தானியக் கிடங்குக்கு, பஞ்சத்தில் இங்கேதான் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள் என்றார். இது கோயிலுக்கு, எஜமானியம்மாள் காலை நனைக்காமல் பூசைக்குப் போக என்றார். நான்காவது வாசலைக் கடந்து நேரே குளிர்காயும் அடுப்புக்குப் போய், புகைபோக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மற்ற மூன்றுக்கும் குதிரை, பஞ்சம், எஜமானி என்று வாசலுக்கொரு கதை வைத்திருக்கிறவர், இந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நான் நான்காவது வாசலின் முன் குந்தி உட்கார்ந்தேன். பார்வைக்கு மற்ற மூன்றைப் போலத்தான் இருந்தது, அதே செங்கல் வரிகள், அதே கல் நிலை. ஆனால் நிலையின் இரண்டு கால்களிலும், தரையை ஒட்டி, கல்லுக்குள் ஊறிப்போன மஞ்சள். வெயில் படாத இடம், அதனால் மங்கவில்லை. நடுவில் குங்குமம் இருந்த வட்டக் கறை. அண்ணாந்து பார்த்தேன். நிலையின் தலையில் ஒரு சின்ன ஆணி, அதில் மஞ்சள் துணியின் ஒரு கிழிசல்.

மற்ற மூன்றையும் போய்ப் பார்த்தேன். மஞ்சளும் இல்லை, ஆணியும் இல்லை.

"சுவருக்குப் பொட்டு வைக்க மாட்டேன்னு உங்ககிட்ட சண்டை போட்ட மனுஷர் இதுக்கு மட்டும் வச்சிருக்கார், சார்" என்றேன். "அப்போ இது சுவர் இல்லை."

சம்பத்தின் கை புகைபோக்கியின் மேல் அப்படியே நின்றது.

விரலால் செங்கல்லைத் தட்டினேன். மரச்சத்தம் கேட்டது. பலகை மேல் சாந்து பூசி, காவி அடித்து, செங்கல் வரி இழுத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனை ஏமாற்ற எல்லாம் செய்திருந்தார்கள். ஆனால் நிலை நிறுத்தியவருக்கு அது நிஜக் கதவு. நிஜக் கதவைப் பூசை போடாமல் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

சைக்கிள் சீட்டைப் பற்றியும் சொன்னேன். யார் காலுக்கு ஏற்றது என்று கேட்கவில்லை, அவர் காலைப் பார்த்தேன். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

துலுக்கானம் கதவில் தோளைக் கொடுத்து முட்டினான். அசையவில்லை. சாவியைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். நாகவல்லி கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். இன்னும் சில நிமிடத்தில் அவளுக்குப் பதில் கிடைத்துவிடும், எந்தப் பதில் என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு வருத்தமாக இல்லை. அப்படி வருத்தமில்லாமல் இருப்பது அசிங்கமாக இருந்தது.

"சாவி இல்ல" என்றார் சம்பத். அதுவரை புத்தகம் மாதிரி பேசியவர், முதல் முறையாகப் பாரிவாக்கத்துக்காரராகப் பேசினார். "பூட்டே கெடையாது. தாப்பா உள்ள கீது."

அகழியில் எருமை தண்ணீரை உதறுவது கேட்டது.

செத்தவன் உள்ளே தாழ்ப்பாள் போட மாட்டான்.

சம்பத் அடுப்புத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். முட்டுக்கட்டைகளை எடுத்தது அவர்தான். படம் பிடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தார், கட்டைகள் பார்க்க அசிங்கமாக இருந்தன. காயவில்லை, எடுக்காதீர்கள் என்று உலகநாதன் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அப்பாவுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயாகிவிட்டது. அப்பாவு வழியிலேயே செத்துவிட்டான், போலீஸ் மேஸ்திரியைத்தான் தேடுகிறது, அப்பாவுவின் மச்சான்கள் கத்தியோடு அலைகிறார்கள் என்று சம்பத் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் இந்த அறையில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். உள்ளே காற்றுக்கு ஏரிப் பக்கம் ஒரு துவாரம் உண்டு. சாப்பாடு அவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஊர் அடங்கிய பிறகு உலகநாதன் வெளியே வந்து, சும்மா இருக்க முடியாமல், படிக்கட்டைப் பூசியிருக்கிறார்.

"நான் அடச்சி வெக்கல" என்றார். "அவுரு எப்ப வோண்ணா வெளிய வந்துக்கலாம்."

நான் கதவில் வாயை வைத்து உலகநாதன் பெயரைச் சொன்னேன். அப்பாவு சாகவில்லை, உங்களுக்குச் சொன்னது பொய் என்றேன். பதில் இல்லை. என்னை அவருக்குத் தெரியாது. வெளியே வரவைக்க போலீஸ் சொல்லும் பொய்யும் இப்படித்தானே இருக்கும்? நாகவல்லியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

துலுக்கானம் என்னை நகர்த்திவிட்டுக் கதவருகே உட்கார்ந்தான்.

"யோவ் ரசமட்டம்" என்றான். "அப்பாவு அண்ணாத்தே கக்கத்துல கட்ட ஊனிகினு ரேடியோவ போட்டு ஒதச்சிகினு கீறாரு. கூடவே வேல செஞ்சவன், ஒரு எட்டு வந்து பாக்கலியேன்னு உன்னத் திட்டிகினு கீறாரு. இன்னா திட்டுன்னு பொம்பளங்க நிக்கிற எடத்துல சொல்ல முடியாது. நீ வெளிய வா, காதுல சொல்றேன்."

சாரத்தின் மேல் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த பெயர் அது. சம்பத்துக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியாது.

தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது.

வெளியே வந்தவர் குள்ளமாக, தாடியோடு, வெயில் படாத ஆள்களுக்கு வருகிற ஒரு வெளுப்போடு இருந்தார். நகக்கண்ணில் சிமென்ட். எங்கள் யாரையும் பார்க்காமல் துலுக்கானத்தைப் பார்த்தார்.

"கால ஊனுறானா?"

"நல்லாவே ஊனுறாரு. ஒதைக்கறதுக்குத்தான் ஆளத் தேடிகினு கீறாரு."

உலகநாதன் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் தன் மனைவியைப் பார்த்தார். ஒரு தகவலாவது அனுப்பியிருக்கக் கூடாதா என்று நான்தான் கேட்டேன். அவர் நாகவல்லிக்குப் பதில் சொன்னார்.

"ஆள் செத்த வேலக்கி மேஸ்திரி நானு. எந்த மூஞ்சிய வெச்சிகினு ஊட்டுக்கு வர்றது?"

நாகவல்லி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. செத்தும் போகவில்லை, ஓடியும் போகவில்லை. அவள் தயார் செய்து வைத்திருந்த இரண்டும் உதவவில்லை. கடையில் அவசரமாக எதையோ வாங்க வந்தவள் போல, "சட்டையப் போடு. பஸ்ஸு போய்டும்" என்றாள்.

அவர் சட்டை எடுக்க உள்ளே போனபோது சம்பத் தரையைப் பார்த்தபடி பேசினார். நான்காவது வாசலின் கதையை இப்போது சொன்னார். புரட்சிக் காலத்தில் அதற்குப் பின்னால் ஒரு பாதிரியார் ஒளிந்திருந்தாராம். சமையல்காரக் கிழவி ஒருத்தி ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். கலவரம் அடங்கி, பாதிரிமார்கள் தெருவில் நடமாடத் தொடங்கிய பிறகும் அவள் அவரிடம் சொல்லவில்லை. எஜமானர்கள் ஓடிப்போன அவ்வளவு பெரிய வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"சொன்னா அவுரு போய்டுவாரு இல்ல?" என்றார் சம்பத்.

"வந்தவொடனே இந்தக் கதைய சொல்லியிருந்தா அவ்ளோ படி ஏறி எறங்கியிருக்க மாட்டேன்" என்றான் துலுக்கானம். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

காலையில் அப்பாவுவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார். நம்பினேன். அந்தக் கட்டடத்தை விட்டு அவருக்குப் போக வேறு இடம் இல்லை. நாங்கள் பாலத்தைத் தாண்டும்வரை அவர் கூடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

ரோட்டில் ஆவடி பஸ் வந்தது. வேலை விட்டு வரும் கூட்டம், நிற்கத்தான் இடம். நாகவல்லிக்கு மட்டும் ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். உலகநாதன் அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார். நானும் துலுக்கானமும் பின்னால் நின்றோம்.

கண்டக்டர் வந்து விரலால் டிக்கெட் கட்டைத் தட்டினார். நாகவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினாள்.

"ஆவடி ஒண்ணு" என்றாள்.

கண்டக்டர் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அந்த டிக்கெட்டையே பார்த்தாள். ஆயுத பூஜை முடிந்த நாளிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் அவள் வாங்கியதெல்லாம் ஒன்று. நிமிர்ந்து தன் பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "ரெண்டு."

அந்த வார்த்தை முடியும் முன்பே அவள் உடைந்துவிட்டாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். உலகநாதன் கம்பியை விட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்தார். அவள் அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டாள், பிறகு அதையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

துலுக்கானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அழுகிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்ன புத்தியோ தெரியவில்லை, ஆனால் ஒரு வருடத்தில் எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது அப்போதுதான்.

கண்டக்டர் எதுவும் கேட்காமல் இன்னொரு டிக்கெட்டைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.